ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது? ஃபுகுஷிமா உலைகளை அடக்க இருந்த வழிகள்

2011 மார்ச் 11 பிற்பகல் 2:46-க்கு ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவு நிலநடுக்கம் வந்தபோது, ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. மீதி மூன்றும் பராமரிப்புக்காக முன்பே நிறுத்தப்பட்டிருந்தன. அதுவரை எல்லாம் திட்டப்படிதான் நடந்தது. ஆனால் அணு உலையை நிறுத்துவது வேறு, அதன் சூடு அடங்குவது வேறு.

சங்கிலி வினை நின்ற பிறகும் எரிபொருளுக்குள் இருக்கும் கதிரியக்கப் பொருட்கள் சிதைந்து வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் கழிந்தபின்னும் அது முழுத்திறனில் ஏறக்குறைய 0.5 சதவீதம். கேட்கச் சின்ன எண். ஆனால் டாயிச்சியின் 2-ஆம், 3-ஆம் உலைகள் ஒவ்வொன்றின் வெப்பத்திறன் 2,381 மெகாவாட், அதில் 0.5 சதவீதம் என்றால் 12 மெகாவாட். இந்த வெப்பத்தைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக விட்டுத் தீர்ப்பதென்றால் ஓர் உலைக்கு மணிக்கு 16, 17 டன் தண்ணீர் போதும். கொதிக்கவிடாமல் வெறுமனே வெதுவெதுப்பாக்கி வெளியே எடுப்பதென்றால் அதைப்போல் பத்து மடங்கு வேண்டும். முதல் வழியில் தண்ணீர் மிச்சம், ஆனால் கதிரியக்கம் ஆவியோடு காற்றில் போகும். இரண்டாவதில் காற்று தப்பும், ஆனால் நாளுக்கு ஆயிரக்கணக்கான டன் அழுக்கு நீர் கையில் நிற்கும். பின்னால் வந்த ஒவ்வொரு முடிவின் அடியிலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனது. ஐம்பது நிமிடம் கழித்து வந்த ஆழிப்பேரலை, 10 மீட்டர் உயரத்தில் இருந்த முதல் நான்கு உலைகளின் வளாகத்தின் மேலேயே ஏறி, அடித்தளங்களில் இருந்த டீசல் ஜெனரேட்டர்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. 6-ஆம் உலைக்கான ஒரே ஒரு ஜெனரேட்டர் தப்பியது. அது காற்றால் குளிர்வது, கடல்நீர் பம்பை நம்பி இல்லாதது. 5-ஆம், 6-ஆம் உலைகள் பிழைத்ததற்கு அந்த ஒன்றுதான் காரணம்.

இந்த நிலையில் என்னென்ன வழிகள் இருந்தன, எது ஏன் தேறியது, எது ஏன் கைவிடப்பட்டது என்று பார்ப்போம். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதை ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் விவாதம் சுற்றிச்சுற்றி வந்தது. முடிவைத் தீர்மானித்ததோ, ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி.

உண்மையில் எல்லாவற்றிலும் நல்ல வழி டாயிச்சியில் கிடைக்கவே இல்லை. அது பக்கத்தில் நடந்தது. 12 கிலோமீட்டர் தெற்கே இருந்த ஃபுகுஷிமா டாய்னியில் நான்கு உலைகள். அங்கேயும் ஆழிப்பேரலை கடல்நீர் பம்புகளைச் சீரழித்துவிட்டது. ஆனால் வெளியிலிருந்து வரும் மின்கம்பி ஒன்று உயிரோடு இருந்தது. நிலையத் தலைவர் மசுதா நாவோஹிரோ, இடிபாடு குறைவான கட்டடத்திலிருந்து பம்புகளுக்குத் தற்காலிக மின்கேபிள் இழுக்க முடிவுசெய்தார். மொத்தம் 9 கிலோமீட்டர். 200 மீட்டர் நீளத் துண்டு ஒன்றே ஒரு டன் எடை. இயந்திரம் வைத்து மாதக்கணக்கில் செய்யும் வேலையை, ஏறக்குறைய 200 பேர் தோளில் சுமந்து இரண்டே நாளில் முடித்தார்கள். மார்ச் 15 காலையில் நான்கு உலைகளும் குளிர் நிறுத்தத்துக்கு, அதாவது உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரிக்குக் கீழே நிற்கும் நிலைக்கு, வந்துவிட்டன. உலையின் சொந்தக் குழாய்கள், சொந்தப் பம்புகள், சொந்த வெப்பமாற்றி ஆகியவற்றைத் திரும்ப ஓடவைக்க முடிந்தால் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. தண்ணீர் உள்ளே போகும், சூட்டை வாங்கும், வெளியே வந்து கடலுக்குச் சூட்டை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பும். ஒரு சொட்டுகூடக் காணாமல் போகாது. ஆனால் இதற்கு மின்சாரம் ஒரு இழையாவது மிஞ்சியிருக்க வேண்டும், எரிபொருள் உருகும் முன் வேலை முடிய வேண்டும். டாயிச்சிக்கு இரண்டுமே இல்லை.

அங்கே முதல் கேள்வி, கடல்நீரா நன்னீரா என்பது. தீயணைப்பு வண்டிகளைக் கொண்டு முதலில் நன்னீர் செலுத்தினார்கள். தொட்டியில் இருந்தது தீர்ந்தது. கடல்நீருக்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. உப்பு படியும், எஃகு அரிக்கும், அந்த உலை இனி ஒருபோதும் ஓடாது. சாதகம் ஒன்றே ஒன்று: கடல் பக்கத்திலேயே இருந்தது. 1-ஆம் உலையின் கட்டடத்தில் மார்ச் 12 பிற்பகல் 3:36-க்கு ஹைட்ரஜன் வெடித்தது; அன்று மாலை 7:04-க்குக் கடல்நீர் செலுத்தத் தொடங்கினார்கள். அதை நிறுத்தச் சொல்லி டோக்கியோவிலிருந்து உத்தரவு வந்தபோது, நிலையத் தலைவர் யோஷிதா மசாவோ காணொளித் தொடர்பில் எல்லோரும் கேட்க ‘நிறுத்துங்கள்’ என்று சொன்னார். நான் என்ன சொன்னாலும் நிறுத்தாதே என்று பக்கத்தில் இருந்தவரிடம் முன்பே தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தார்.

இந்தச் சம்பவம் வீரக்கதையாக நிறையச் சொல்லப்பட்டுவிட்டது. அவர் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தண்ணீர் இல்லாத ஒரு மணிநேரத்தோடு ஒப்பிட்டால் உப்பெல்லாம் ஒரு பொருட்டா? ஆனால் பின்னால், நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனமே செய்த ஆய்வில் வேறொன்று தெரியவந்தது. தீயணைப்பு வண்டிகள் செலுத்திய தண்ணீரில் கணிசமான பங்கு உலைக்குப் போகவே இல்லை. வழியில் இருந்த கிளைக் குழாய்கள் வழியாக வேறு கருவிகளுக்குள் போய்விட்டது. பம்பில் அளவு காட்டியது, உலையில் சேரவில்லை. கடல்நீரா நன்னீரா என்று தலைமையகம் தலையை உடைத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்க யாருக்கும் அவகாசம் இல்லை. மார்ச் 25, 26 தேதிகளில் மூன்று உலைகளுக்கும் நன்னீர் வந்துவிட்டது. உப்பின் விளைவு பிற்பாடு அரிப்பாகவும், நீர் சுத்திகரிப்பில் கூடுதல் தொல்லையாகவும் வந்து சேர்ந்தது.

அப்புறம்தான் நிதானமாக யோசித்து எடுக்க வேண்டிய முடிவு வந்தது. ஏப்ரலில் எச்ச வெப்பம் 4, 5 மெகாவாட்டுக்கு இறங்கியிருந்தது. ஓர் உலைக்கு மணிக்கு 6 முதல் 8 டன் வரை ஊற்றினார்கள். அன்றாடம் தாக்குப்பிடிக்க இது போதும், நிலைப்படுத்தப் போதாது. ஏப்ரல் 17 அன்று டெப்கோ ஒரு கால அட்டவணை வெளியிட்டது. முதல் கட்டம் மூன்று மாதம், அதற்கு மேல் மூன்று முதல் ஆறு மாதத்தில் இரண்டாம் கட்டம். அதில் 1-ஆம், 3-ஆம் உலைகளுக்கு முன்வைக்கப்பட்ட வழியை ஜப்பான் பத்திரிகைகள் ‘நீர்ச் சவப்பெட்டி’ என்று அழைத்தன. எரிபொருள் இருக்கும் உலைக்கலனைச் சுற்றியிருக்கும் பெரிய எஃகுக் கட்டுக்கலனையே எரிபொருளின் உச்சி மட்டம் வரை தண்ணீரால் நிரப்பிவிடுவது. உள்ளே எரிபொருள் எந்த நிலையில் கிடந்தாலும் மூழ்கியிருக்கும். பிறகு வெளியே வெப்பமாற்றி வைத்து அந்த நீரையே சுற்றவிடலாம்.

காகிதத்தில் இதைவிட அழகான திட்டம் கிடையாது. முன்னுதாரணமும் இருந்ததாகத் தோன்றும். 1979-இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் எரிபொருளில் பாதியளவு உருகியபோதும், உலைக்கலன் நீர் நிறைந்து நின்றது. ஒரு மாதத்தில் இயற்கைச் சுழற்சியிலேயே குளிர்வித்தார்கள். 1985 முதல் 1990 வரை நீருக்கடியிலேயே எரிபொருளை வெட்டி எடுத்தார்கள். ஆனால் அங்கே உலைக்கலன் ஓட்டையாகவில்லை. அந்த ஒரு வித்தியாசத்தில் மற்ற ஒப்புமை எல்லாம் அடிபட்டுப்போகிறது.

டாயிச்சியில் ஓட்டை இல்லை என்று எதை வைத்து நம்பினார்கள்? நீர்மட்டக் கருவியை வைத்து. இந்தக் கருவி நேரடியாக மட்டத்தை அளப்பதில்லை. எப்போதும் நீர் நிரம்பியிருக்கும் ஓர் ஒப்புக் குழாயின் அழுத்தத்தோடு, உலைக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தை ஒப்பிட்டுச் சொல்லும். கட்டுக்கலன் கொதிக்கும் சூட்டுக்குப் போனால் ஒப்புக் குழாயில் இருக்கும் நீரே ஆவியாகிவிடும். அப்போது கருவி இருப்பதைவிட உயர்வாகக் காட்டும். 1-ஆம் உலையில் எரிபொருளின் பாதி உயரம் வரையாவது நீர் இருப்பதாக வாரக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தது இப்படித்தான். மே மாதத் தொடக்கத்தில் ஆட்கள் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து கருவியைச் சரிசெய்தார்கள். மே 12 அன்று வெளியான உண்மை மட்டம், எரிபொருளின் உச்சிக்கு 5 மீட்டருக்கும் கீழே. எரிபொருளின் மொத்த நீளமே 4 மீட்டருக்குள்தான். அதாவது எரிபொருள் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரே இல்லை. எரிபொருளும் அங்கே இல்லை, உருகிக் கீழே போய்விட்டது. நாளொன்றுக்கு 150 டன் ஊற்றியும் நிரம்பாத கலன் அது. இரண்டு நாளில் கட்டடத்தின் அடித்தளத்தில் 4 மீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கியிருப்பதையும் கண்டார்கள். நீர்ச் சவப்பெட்டித் திட்டம் அதோடு முடிந்தது.

ஓட்டையை அடைத்துவிட்டு நிரப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். கதிர்வீச்சில் யாரும் போக முடியாத இடத்தில், எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஓட்டையை எப்படி அடைப்பது? இன்னொரு ஆட்சேபமும் இருந்தது. எனக்கு இதுதான் கனமான ஆட்சேபமாகப் படுகிறது. ஆயிரக்கணக்கான டன் கூடுதல் எடையோடு ஒரு கலன் அடுத்த நிலநடுக்கத்தைத் தாங்குமா? இது கற்பனைக் கவலை இல்லை. ஏப்ரல் 11 அன்று வந்த 7.0 அளவுப் பின்னதிர்வில் வெளி மின்சாரம் மீண்டும் போய், மூன்று உலைகளுக்கும் ஏறக்குறைய 50 நிமிடம் தண்ணீர் நின்றது.

மே 17-இல் திருத்தப்பட்ட அட்டவணையில் வந்தது மாற்று வழி: சுழற்சி முறைச் செலுத்தல். ஓட்டை இருக்கட்டும். மேலே ஊற்றுவோம், ஒழுகி அடித்தளத்தில் சேர்வதை எடுப்போம், சுத்தம் செய்து திரும்ப மேலே ஊற்றுவோம். கட்டடத்தின் அடித்தளத்தையே குளிர்விப்புச் சுற்றின் ஒரு பகுதியாக்கிவிட்டார்கள். ஓட்டைப் பானையை மாற்றாமல் அடியில் ஒரு வாளி வைக்கும் வேலைதான். பொறியாளர்களுக்கு இதைச் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்திருக்கும். ஆனால் கையில் இருந்த வழிகளில், தெரியாத எதையும் தெரிந்ததாகப் பாவிக்காத ஒரே வழி இதுதான்.

தொடக்கம் நகைப்புக்கு இடமானது. அமெரிக்காவின் குரியன் நிறுவனத்தின் சீசியம் உறிஞ்சும் கருவி, பிரான்சின் அரேவாவின் வேதிப்படிவு முறை, இவற்றையெல்லாம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் குழாய்களால் அவசரமாகக் கோத்தார்கள். ஜூன் 17 இரவு சுத்திகரிப்பைத் தொடங்கி ஐந்து மணிநேரத்தில் நிறுத்தவேண்டி வந்தது. ஒரு மாதம் தாங்கும் என்று நினைத்த உறிஞ்சு கலத்தின் கதிர்வீச்சு அதற்குள் வரம்பைத் தொட்டுவிட்டது. ஜூன் 27-இல் சுழற்சி தொடங்கியது. குழாய் இணைப்பு ஒழுகி ஒன்றரை மணிநேரத்தில் நின்றது. மறுநாள் மீண்டும் ஓடியது. அந்த ஓட்டை உடைசல் ஏற்பாடுதான் நிலைமையை மாற்றியது.

இதற்குள்ளும் ஒரு சின்னத் தேர்வு இருந்தது, பலரும் கவனிக்காத ஒன்று. தண்ணீரை எந்தக் குழாய் வழியே விடுவது? முதலில் ஊட்டுநீர்க் குழாய். அது எரிபொருளைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே விழுந்து, கீழே இறங்கி வெளியே போய்விடும். அடி ஓட்டையாக இருந்தால் எரிபொருள் மிஞ்சியிருக்கும் இடத்தைத் தொடாமலேகூடப் போகலாம். மேலிருந்து நேராகத் தெளிக்கும் தெளிப்புக் குழாய் இன்னொன்று. 2011 செப்டம்பரில் 3-ஆம், 2-ஆம் உலைகளில் இந்தத் தெளிப்புக் குழாயையும் சேர்த்ததும் வெப்பநிலை சடசடவென்று இறங்கியது. செப்டம்பர் 28-இல் கடைசியாக 2-ஆம் உலையும் 100 டிகிரிக்குக் கீழே வந்தது. ஆயிரம் கோடிகளில் கருவி வாங்கியதைவிட இந்த ஒரு வால்வு மாற்றம் அதிகம் சாதித்தது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. டிசம்பர் 16 அன்று பிரதமர் நோதா யோஷிஹிகோ ‘குளிர் நிறுத்த நிலை’ வந்துவிட்டதாக அறிவித்தார். எரிபொருள் எங்கே இருக்கிறது என்றே தெரியாதபோது கலனின் அடிப்பகுதி வெப்பநிலையை வைத்து அப்படிச் சொல்லலாமா என்று அப்போதே கண்டனம் எழுந்தது. நியாயமான கண்டனம்.

பயன்படுத்திய எரிபொருளை நீருக்குள் வைத்திருக்கும் எரிபொருள் குட்டைகள் விஷயத்தில் ஒப்பீடு சுருக்கமானது. மார்ச் 17-இல் ராணுவ ஹெலிகாப்டர்கள் 3-ஆம் உலையின் மேல் நான்கு முறை தண்ணீர் கொட்டின. பெரும்பகுதி காற்றில் சிதறியது. மார்ச் 22 முதல் 4-ஆம் உலையில், கான்கிரீட் ஊற்றும் நீளக்கை பம்ப் வண்டி குட்டைக்கு நேர் மேலே நின்று நீரை இறக்கியது. எது தேறியது என்று சொல்லத் தேவையில்லை. ஹைட்ரஜன் மறுபடியும் வெடிக்காமல் இருக்க ஏப்ரல் 7 முதல் 1-ஆம் உலைக்குள் நைட்ரஜன் செலுத்தியதற்கும் பெரிய மாற்று இல்லை.

சுழற்சி முறையின் விலை என்ன? அது உண்மையில் மூடிய சுற்று இல்லை. மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் நிலத்தடி நீர் விரிசல் விட்ட அடித்தளங்களுக்குள் நாளுக்கு ஏறக்குறைய 400 டன் புகுந்தது. வெளியே கசியவும் செய்தது. 2011 ஏப்ரல் 2-இல் 2-ஆம் உலையருகே ஒரு குழியின் விரிசலிலிருந்து, மணிக்கு 1,000 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சுள்ள நீர் நேராகக் கடலில் கொட்டுவதைக் கண்டார்கள். கான்கிரீட் ஊற்றினார்கள், நிற்கவில்லை. மரத்தூள், கிழித்த செய்தித்தாள், நீர் உறிஞ்சும் பாலிமர் எல்லாம் போட்டார்கள், நிற்கவில்லை. கடைசியில் தரைக்கடியில் சோடியம் சிலிகேட் செலுத்தியபின் ஏப்ரல் 6-இல் நின்றது. நான்கு உலைகளையும் சுற்றி நிலத்தடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று பிரதமரின் ஆலோசகராக இருந்த மபுச்சி சுமியோ 2011-லேயே வற்புறுத்தினார். செலவைக் காரணமாகக் காட்டித் தள்ளிப்போட்டார்கள். பிறகு ஏறக்குறைய 3,450 கோடி யென் அரசுப் பணத்தில் 1,500 மீட்டர் நீள உறைமண் சுவர் வந்தது. 2016 மார்ச் 31-இல் உறையவைக்கத் தொடங்கினார்கள். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் புகுந்த நீர்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் பெரும்பங்கு. 2023 ஆகஸ்ட் 24-இல் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கியபோது எழுந்த சர்ச்சைக்கு விதை அந்தத் தள்ளிப்போடலில் இருக்கிறது. சுழற்சி முறையைத் தேர்ந்தது சரி; சுவர் இல்லாமல் தேர்ந்தது தவறு என்பது என் கருத்து.

செர்னோபிலில் செய்ததுபோல் கான்கிரீட் கொட்டி மூடிவிட்டிருக்கலாம் என்ற வாதம் இன்றும் கேட்கிறது. 1986 ஏப்ரலில் வெடித்த உலையை அவர்கள் நவம்பருக்குள் கல்லறைபோல் மூடினார்கள். டாயிச்சியில் அது முதல் மாதங்களில் சாத்தியமே இல்லை. சூட்டோடு மூடினால் வெப்பம் உள்ளேயே தேங்கும். மேல்பக்கம் மூடினாலும் அடிப்பக்கம் நிலத்தடி நீர் வந்து போய்க்கொண்டுதான் இருக்கும். 4-ஆம் உலையின் குட்டையில் இருந்த 1,535 எரிபொருள் கட்டுகளையும் சேர்த்து மூட முடியுமா? அவற்றை 2014 டிசம்பருக்குள் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டார்கள் என்பதே மூடாமல் விட்டதற்குக் கிடைத்த பலன். 2016-இல் அணுவிபத்து இழப்பீடு, உலைக்கலைப்பு ஆதரவு அமைப்பின் அறிக்கையில் ‘கல் சவப்பெட்டி’ என்ற சொல் தலைகாட்டியதும் ஃபுகுஷிமா ஆளுநர் உச்சிபோரி மசாவோ கடுமையாக எதிர்த்தார். அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பக் காத்திருப்பவர்களிடம் போய் நிரந்தரக் கல்லறை என்று யார் சொல்வது?

இப்போது கேள்வி தலைகீழாகிவிட்டது. வெப்பம் வெகுவாகக் குறைந்துவிட்டதால், 2019-லும் 2020-லும் தண்ணீரை முதலில் சில மணிநேரம், பிறகு சில நாட்கள் நிறுத்திப் பார்த்தார்கள். வெப்பநிலை கொஞ்சம்தான் ஏறியது. 2021 பிப்ரவரியில் ஃபுகுஷிமா கடலோரத்தில் 7.3 அளவு நிலநடுக்கம் வந்தபின் 1-ஆம், 3-ஆம் உலைகளின் கட்டுக்கலன்களில் நீர்மட்டம் இறங்கியது. பழைய ஓட்டைகள் அகன்றிருக்க வேண்டும். அதற்கு அப்புறம் 1-ஆம் உலைக்குள் போன நீர்மூழ்கி ரோபோ, உலைக்கலனைத் தாங்கும் பீடத்தின் கான்கிரீட் கரைந்து கம்பிகள் வெளியே தெரிவதைப் படமெடுத்தது. நிறைய நீர் இருந்தால் எடை, கசிவு. குறைத்தால் வெளியே தெரியும் எரிபொருள் கழிவிலிருந்து தூசி. நிலநடுக்கத்தை நினைத்தால் குறைப்பதே மேல் என்று முடிவாகி, மட்டத்தை மெல்ல இறக்குகிறார்கள்.

உருகிய எரிபொருளை எடுக்கும் முறையிலும் இதே வாதம்தான் நடந்தது. மூன்று உலைகளிலுமாகக் கிடப்பது ஏறத்தாழ 880 டன் என்று மதிப்பீடு. 2024 நவம்பரில் 2-ஆம் உலையிலிருந்து முதன்முதலாக எடுத்தது ஒரு கிராம்கூட இல்லை. 3-ஆம் உலைக்கு, கட்டடம் முழுவதையும் கப்பல் உடல்போன்ற எஃகுக் கட்டமைப்புக்குள் அடக்கி நீர் நிரப்பி எடுக்கும் யோசனையும் பரிசீலிக்கப்பட்டது. நீர் கதிர்வீச்சைத் தடுக்கும், தூசியை அடக்கும். ஆனால் அவ்வளவு பெரிய கட்டமைப்பு, அவ்வளவு நீர், மறுபடியும் கசிவுக் கவலை. 2024 மார்ச்சில் மேற்சொன்ன ஆதரவு அமைப்பின் குழு பரிந்துரைத்தது வேறு: நீரில் முழுக்க மூழ்கடிக்காமல் காற்றில் வைத்தே எடுப்பது, தேவையான இடங்களில் நிரப்புபொருள் ஊற்றிக் கெட்டியாக்கி வெட்டுவது. அந்த வழியில் 3-ஆம் உலையில் பெரிய அளவில் எடுக்கத் தொடங்குவதற்கான ஆயத்தத்துக்கே 12 முதல் 15 ஆண்டுகள் ஆகும் என்று டெப்கோ 2025-இல் கணக்குச் சொன்னது.